முதல் குழியில் ஊறிய தண்ணீர்

ருஸ்மினா ஓடையில் நின்று சோயாப் பயறை மிதித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் வேகவைத்து ஊறப்போட்ட பயறு. மூங்கில் கூடை பாதி தண்ணீருக்குள் இருந்தது. சாரோங்கை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு காலாலும் அவள் மிதிக்க மிதிக்க, தோல் கழன்று வெள்ளை வெள்ளையாக மேலே வந்தது. கூடையைச் சற்றே சாய்த்தால் அத்தனையும் ஓடையோடு போய்விடும். போகிற வழியில் மூங்கில் புதரைச் சுற்றிக்கொண்டு, எங்கள் ஊர் இடுகாட்டின் ஓரத்தை நனைத்துவிட்டுத்தான் போகும்.

இந்தப் பயறை இலையில் கட்டிப் புளிக்கவைத்து எங்கள் ஊருக்குத் தெம்பே செய்து போடுகிறவள் அவள்தான். அவள் கட்டுகிற வாழையிலைப் பொட்டலம் இல்லாத வீட்டில் அன்றைக்குக் குழம்பு இல்லை.

"நாளைக்குத் தெம்பே உண்டா யூ?" என்று கேட்டேன். யூ என்றால் எங்கள் பக்கம் அக்கா. உண்மையில் நான் போனது அவள் புருஷனின் உடம்பை விசாரிக்க.

"ஏன் இல்லாம? செத்தாலும் பொழைச்சாலும் ஜனங்களுக்குத் தெம்பே வேணுமே, பு லூரா. எழவு வீட்டுச் சோத்துக்கும் அதானே தொட்டுக்கறாங்க."

"துகிமின் எப்படி இருக்காரு?"

"மூச்சு இருக்கு. சோறுதான் எறங்கல." மிதிப்பதை நிறுத்தினாள். வேலை நடுவில் அவள் காலை நிறுத்தி நான் பார்த்ததில்லை. "பாக் லூரா இன்னிக்குச் சாயங்காலம் வீட்ல இருப்பாரா?"

"இருப்பாரு. சமையக்கட்டுக்கு வா, நான் பேசறேன் அவர்கிட்ட. டாக்டருக்கு ஏதாவது வேணுமா?"

"நீங்க பேச வேணாம். நானே கேட்கணும். முன்வாசல் வழியா வரேன்."

அதில் என்ன இருக்கிறது, வாசல்தானே என்று தோன்றலாம். என் வீட்டுக்காரர் விர்யோனோ ஊர்த்தலைவர். அந்த வேலைக்கு எங்கள் பக்கம் லூரா என்று பெயர். அது அவருக்கு வந்த நாளிலிருந்து என்னையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் பாக் லூரா, லூரா ஐயா; நான் பு லூரா, லூரா அம்மா. லூரா வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் பிரம்பு நாற்காலிகள், தேநீர், தலையைத் தாழ்த்தி 'ஆகட்டும்ங்க' என்று சொல்லிவிட்டுப் போகிற ஆண்கள். அந்த ஆணின் பெண்டாட்டி மறுநாள் பின்வாசலில் வந்து உட்கார்ந்து, எனக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டே, 'ஆகட்டும்' சொன்ன அதே விஷயத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. பின்வாசலில் பேசியது முன்வாசலுக்குப் போகாது. போனாலும் என் வாயில் சர்க்கரை பூசிக்கொண்டுதான் போகும்.

ருஸ்மினா என்றைக்கும் பின்வாசல்காரி. அவள் முன்வாசலில் ஏறி உட்கார்ந்து ஒன்று கேட்கப்போகிறாள் என்றால், அது சர்க்கரை ஒட்டாத விஷயமாக இருக்க வேண்டும்.

"என்ன கேட்கப்போறே?" என்றேன்.

கூடையைக் கரையில் தூக்கி வைத்துவிட்டு, ஈரக் காலோடு கல்லில் உட்கார்ந்து சொன்னாள். அவள் சொன்னதையும், எனக்குத் தெரிந்திருந்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

ருஸ்மினா துகிமினைக் கட்டிக்கொண்டபோது ஊரே சிரித்தது. அவர் குழி வெட்டுகிறவர். மற்ற நாளில் யார் வயலிலாவது மண்வெட்டியோடு நிற்பார். யாராவது கண்ணை மூடினால் கூப்பிட்டு அனுப்புவார்கள். "போயும் போயும் குழிவெட்டியா?" என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதிலை இன்றைக்கும் கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்: "கடைசில எல்லாருக்கும் வேண்டியவன் அவன்தான்டி. நான் முன்கூட்டியே எடுத்து வெச்சுக்கிட்டேன்."

வெகு நாள் கழித்து ஒரு பையன் பிறந்தான். வார்சித்தோ. கூப்பிடுவது சித்தோ. சோயாக் கூடைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிப்பான். பேச்சு நன்றாக வந்து, கேள்வி கேட்டுத் துளைக்கிற வயதில், ஒரு மழை மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். மேட்டு இடுகாட்டில், காம்போஜாப் பூமரத்தடியில், யாரையும் மண்வெட்டி தொடவிடாமல் துகிமினே வெட்டினார். அதற்குப் பிறகும் பெண்டாட்டியைச் 'சித்தோம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் பழைய இடுகாடு ரோட்டோரத்து மேட்டில் இருந்தது. காய்ந்த செம்மண். காம்போஜாப் பூ எப்போதும் உதிர்ந்து கிடக்கும். மாவட்டத்தில் சிறந்த ஊர் எது என்று போட்டி வைத்த வருஷம் அது. வேலிக்குச் சுண்ணாம்பு, வாசலுக்குப் பூந்தொட்டி, மரத்துக்குக்கூட இடுப்பு வரைக்கும் வெள்ளையடித்த வருஷம். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த என் வீட்டுக்காரர், கையில் சோற்றை உருட்டியபடியே சொன்னார்:

"வெளியூர்க்காரன் வந்து எறங்கினா முதல்ல பார்க்கறது நம்ம செத்தவங்களை. இது நல்லாவா இருக்கு? அந்த மேட்டுல ஒரு சந்தைக் கட்டடம் வந்தா எப்படி இருக்கும், சொல்லு."

"செத்தவங்களை எங்கே கொண்டு போவீங்க?"

"ஓடைக்கரைல என் பங்கு நிலம் இருக்கே. சோளம் போடறது. அதைக் குடுத்துடறேன்."

லூராவுக்குச் சம்பளமாக ஊர் விட்டுக்கொடுக்கிற நிலம் அது. எங்கள் அடுப்பு எரிவதே அதில்தான். அதைத் தூக்கிக் கொடுக்கிறேன் என்று ஒரு மனிதர் சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பது? அவர் பேராசைக்காரராக இருந்திருந்தால் நாலு பேராவது எதிர்த்திருப்பார்கள். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். கோடைக்காலம். ஓடைக்கரை நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அங்கே தண்ணீர் என்று யாருக்கும் கனவிலும் வந்திருக்காது. பின்வாசலில் மட்டும் பெண்கள், "எலும்பை எப்படித் தூக்கறது, பாவமில்லையா" என்று முணுமுணுத்தார்கள். அதையும் நான் சர்க்கரை பூசிச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்போ முதல்ல எங்கம்மாவைத் தூக்கறேன். நான் செய்யாததை அவங்களைச் செய்யச் சொல்லமாட்டேன்" என்றார்.

அந்த நாள் இன்றும் கண்ணில் நிற்கிறது. ஓடைக்கரையில் பந்தல். வட்டார அதிகாரியும் அவர் மனைவியும் முன்வரிசையில். அட்டைப்பெட்டியில் பலகாரம். என் மாமியாரின் எலும்புகளைப் புதுத் துணியில் சுற்றி, குடை பிடித்து, மேட்டிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தோம். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். கையை நீட்டித் தன் அம்மாவை வாங்கினார். குழந்தையை வாங்குகிற மாதிரி. ஊர் மொத்தமும் அழுதது. அதிகாரியின் மனைவியே கைக்குட்டையை எடுத்தாள்.

ஓடைக்கல்லில் உட்கார்ந்து ருஸ்மினா எனக்குச் சொன்னது அந்த நாளின் விடியற்காலையைப் பற்றி.

துகிமின் ஒருவராகத்தான் அந்தக் குழியை வெட்டினார். இடுப்பளவு போவதற்குள் மண் நிறம் மாறியது. இன்னும் ஒரு சாண் போனதும் நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர் கசிந்து, அவர் கணுக்கால் வரை நின்றது. மேலே ஏறிப் பார்த்தார். பந்தல் போட்டாகிவிட்டது. நாற்காலி வந்துவிட்டது. அதிகாரியின் வண்டி வருகிற நேரமும் நெருங்கிவிட்டது. லூராவிடம் போய் எப்படிச் சொல்வது? அத்தனை பேர் முன்னால் அவர் தலை குனிந்து போகுமே. தலைவரை அப்படி நிற்க வைக்கிற பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. துகிமின் வாழைமரத்தை வெட்டித் தண்டைத் துண்டு போட்டு அடியில் அடுக்கினார். ஓடையிலிருந்து காய்ந்த மணலைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து மேலே கொட்டிச் சமன் செய்தார். பாயை விரித்தார். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. வந்தவர்கள் குழியையே பாராட்டினார்கள்.

"யார்கிட்டயும் சொல்லல, பு லூரா. என்கிட்டயும் சொல்லல" என்றாள் ருஸ்மினா. "சொல்லியிருந்தா நான் தூக்கியிருப்பேனா?"

ஏனென்றால் இரண்டாவதாகத் தூக்கியது அவள்தான்.

லூராவின் அம்மா இறங்கிவிட்டார். அடுத்து யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழிவெட்டியின் பெண்டாட்டி பின்வாங்கினால் நன்றாக இருக்குமா? சித்தோ உயிரோடிருந்தபோது எந்த இடுப்புத்துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போவாளோ அதே துணியில் அவனை வாங்கிக் கட்டிக்கொண்டாள். யார் கையிலும் கொடுக்கவில்லை. மேட்டிலிருந்து ஓடைக்கரை வரைக்கும் நடந்தாள். அழவில்லை. குடை பிடித்து வந்தவனைத் திட்டிக்கொண்டே வந்தாள்: "நேராப் பிடிடா தடியா. அவனுக்கு வெயில் ஆகாது."

அதற்கப்புறம் மறுத்துப் பேச எந்த வீட்டுக்கும் வாய் இல்லை. அந்தக் கோடை முடிவதற்குள் வீடு வீடாக அத்தனை பேரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

போட்டியில் எங்களுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. ஒரு சுவர்க்கடிகாரம். முன்னறையில் அவர் நாற்காலிக்கு மேலே மாட்டியிருக்கிறோம். சந்தைக் கட்டடமும் வந்தது. வியாபாரிகள்தான் வரவில்லை, நாற்சந்திப் புளியமரத்தடியை விட்டு யாரும் நகரவில்லை. இப்போது அந்தக் கட்டடத்தில் சோளம் காய்கிறது. மழை வந்தால் ஆடுகள் ஒதுங்கும். மேட்டில் ஆடுகள் நனையாமல் நிற்க, கீழே எங்கள் அம்மா அப்பாக்கள் தண்ணீரில் கிடக்கிறார்கள்.

முதல் மழையிலேயே தெரிந்துவிட்டது. ஒரு கிழவரை அடக்கம் செய்யப் போனவர்கள் வாளியால் இறைத்து இறைத்துத்தான் அவரை வைக்க முடிந்தது. உடம்பைப் பிடித்துக்கொண்டு, பலகையைச் சாய்த்து, அவசர அவசரமாக மண்ணைத் தள்ளினார்கள். செத்தவருக்கான பிரார்த்தனையும் சாப்பாடும் நடந்தன. முன்வாசலில் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு என் வீட்டில் நான் பார்த்ததுதான் எனக்கு இன்றுவரை பிரமிப்பு. ஒரு முடிவைக் காப்பாற்ற எத்தனை முடிவுகள்! என் வீட்டுக்காரர் ஓடைக்கு அணை கட்டினார். அணை இடிந்தது. கால்வாய் வெட்டினார். லாரி லாரியாக மணல் கொட்டினார். தண்ணீர் இறைக்க மோட்டார் வாங்கி, அதற்கு ஒரு ஆளையும் போட்டார். எங்கள் மாட்டை விற்றார். இராத்தூக்கம் போனது. அந்த நிலத்தைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாரும் அவ்வளவு படித்திருக்கமாட்டார்கள். எல்லாம் செய்தார், 'மேட்டுக்கே திரும்பிவிடலாம்' என்ற ஒரு வார்த்தையைத் தவிர.

அவரை மட்டும் சொல்லி என்ன? பள்ளிக்கூட வாத்தியார் ஹர்னோ வெளியூர்க்காரர். எங்கள் பழக்கம் இன்னும் படியாதவர். ஒரு கூட்டத்தில் எழுந்து, "மேட்டில் பாதி இடம் சும்மாத்தானே இருக்கிறது, திரும்பக் கொண்டுபோனால் என்ன?" என்று கேட்டார். லூரா பேசுவதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் பேசினார்கள். யார் யார் தங்கள் அப்பாவை, பாட்டனாரைத் தோண்டித் தூக்கி வந்தார்களோ அவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். மறுநாள் என் சமையல்கட்டில் பாயினெம் வெங்காயம் உரித்துக்கொண்டே பொரிந்தாள்:

"அந்த வாத்தியாருக்கு என்ன தெரியும்? எங்கம்மாவுக்கு எப்பவுமே உடம்புச் சூடு. தண்ணிதான் அவங்களுக்கு ஒத்துக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். பாயினெம்மும் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்றாள்.

அன்றைக்கு மதியம் அவருக்குச் சோறு போடும்போது நான் மெதுவாக ஆரம்பித்தேன். "வாத்தியார் சொன்னதுல ஒண்ணும் தப்பில்லையே."

"அவங்களே வேணாங்கறாங்க, நீ கேட்டியா?"

"அவங்க சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன நினைக்கறீங்க?"

தட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு சொன்னார்: "அதிகாரிகிட்டப் போய்த் தப்புன்னு சொல்லச் சொன்னா நாளைக்கே சொல்லிடுவேன். பட்டணத்துல இருக்கான், அவனுக்கென்ன. யூ ருஸ் கிட்ட எப்படிச் சொல்றது? அந்தத் துணில கட்டித் தூக்கிட்டு வந்தாளே. 'சும்மாத்தான் தூக்கினே, திரும்பத் தூக்கு'ன்னு சொல்லவா? ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு அதையே சொல்லவா?"

அவருடைய நாற்காலியைத் தாங்கிப் பிடித்திருப்பது அதிகாரியோ போட்டியோ அல்ல, அவர் சொன்னதை நம்பித் தங்கள் பிள்ளையைத் தூக்கியவர்கள்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவ்வளவு பேர் அடியில் நின்று தாங்குகிற நாற்காலியிலிருந்து மனிதன் எப்படி இறங்குவான்?

இப்போது துகிமினுக்கு நெஞ்சில் சளி கட்டி, எலும்பும் தோலுமாகிவிட்டார். டாக்டர் கையை விரித்துவிட்டார். சாவைப் பற்றி அவருக்குப் பயமில்லை. வாழ்நாள் முழுக்க அதன் வீட்டைத்தானே கட்டிக்கொடுத்தார். வேறொன்று அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. போன வாரம் பெண்டாட்டியிடம் வாழைத்தண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். சொன்னதிலிருந்து ஒரே கேள்வி.

"'சித்தோம்மா, நான் அன்னைக்கு வாயைத் திறந்திருந்தா நின்னிருக்குமா?' இதையேதான் கேட்கறாரு, பு லூரா" என்றாள் ருஸ்மினா. "கஞ்சி ஊட்டினா, வாயை மூடிக்கிட்டு இதைக் கேட்கறாரு. ஊர்ச் செத்தவங்க எல்லாம் தண்ணில கெடக்கறது தன்னாலதான்னு நினைக்கறாரு. நம்ம பையனும் சேர்த்து."

"நீ என்ன சொன்னே?"

"முதல்ல ஒரு அறை அறையலாமான்னு இருந்துச்சு. இத்தனை வருஷம் பக்கத்துல படுத்துக்கிட்டு மறைச்சிருக்காரே மனுஷன். அப்புறம் பார்த்தேன், அறையறதுக்குக் கன்னமே இல்ல." எழுந்து கூடையைத் தூக்கினாள். "நான் என்ன சொன்னாலும் ஆறுதலுக்குச் சொல்றதா நினைப்பாரு. நின்னிருக்குமா நின்னிருக்காதான்னு தெரிஞ்ச ஆள் ஊர்ல ஒருத்தர்தானே. அதான் அவரையே கேட்கப்போறேன்."

சாயங்காலம் வந்தாள். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற கெபாயா மேல்சட்டையைப் போட்டிருந்தாள். கொண்டை எண்ணெயில் மின்னியது. செருப்பை முன்படியில் கழற்றிவிட்டாள். நான் சமையல்கட்டிலிருந்து தேநீரோடு வந்து திரைக்கு இந்தப்பக்கம் நின்றேன்.

அவர் பாதி எழுந்தார். "யூ ருஸ்! என்ன இது, இந்த வழியா? பின்கதவு பூட்டியிருக்கா?"

"தொறந்துதான் இருக்கு, பாக். இன்னிக்கு எனக்கு வேலை இந்தப் பக்கம்."

"உட்காருங்க, உட்காருங்க. பலமா வந்திருக்கீங்க. பொண்ணு பார்க்க வந்தீங்களோன்னு பயந்துட்டேன்."

"உங்க வீட்ல பொண்ணு இல்லையே, பாக். இருந்தாலும் எனக்குத்தான் பையன் இல்லையே."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. தேநீர் நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தெம்பேப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். துகிமினின் உடம்பைப் பற்றி அவர் கேட்டார், அவள் சொன்னாள். தேநீரை நான் வைத்தேன். போகாமல் நின்றேன்.

பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஓடையில் என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக.

"உங்கம்மா குழில அன்னைக்கே தண்ணி ஊறிச்சு, பாக். இவருதான் வாழைத்தண்டு அடுக்கி, மணலைக் கொட்டி மறைச்சாரு. பெரிய மனுஷங்க வந்து உட்காரப்போறாங்க, உங்க தலை குனியக்கூடாதுன்னு. அவ்வளவுதான் காரணம்."

அவர் கையிலிருந்து கோப்பை விழும் என்று நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. கோப்பையை நிதானமாகத் தட்டில் வைத்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கால்சட்டை ஞாபகம் வந்தது. அம்மாவை இறக்கிவிட்டு வந்த அன்று மாலை அதைத் துவைத்தவள் நான். நிலம் வெடித்துக் கிடந்த கோடை. இரண்டு கால் விளிம்பிலும் ஈரச் சேறு அப்பியிருந்தது. ஓடைக்குள் இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு துவைத்துக் காயப்போட்டேன். வாழைத்தண்டின் மேல் வெறுங்காலோடு நின்று அம்மாவைக் கையில் வாங்கிய மனிதருக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரியாமலா இருந்திருக்கும்? துகிமின் அவருக்காக மறைத்தார். அவர், அத்தனை நாற்காலிகளுக்கு எதிரே, தனக்குத் தெரிந்துவிட்டதைத் துகிமினிடமிருந்தே மறைத்துக்கொண்டு மேலே ஏறி வந்திருக்கிறார். எனக்கு வந்தது, இந்த மனிதருக்குத்தான் இத்தனை வருஷம் சோறு போட்டேன் என்கிற கோபம் அல்ல. இவ்வளவு பெரிய ஒன்றைத் தனியாகச் சுமந்துகொண்டு ஒரு மனிதரால் சாப்பிடவும் தூங்கவும் சிரிக்கவும் முடிகிறதே என்கிற வியப்பு.

"துகிமினுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படியே ஆச்சுன்னாலும்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார், "சந்தைக்குப் பின்னாடி, காம்போஜா மரத்தடில கொஞ்சம் இடம் இருக்கு, யூ. அங்கே வெச்சுடலாம். காஞ்ச மண்ணு. நான் சொன்னா யாரும் ஒண்ணும் பேசமாட்டாங்க."

"அதை நான் கேட்கல, பாக்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சித்தோவையும் வேணும்னா... பக்கத்துலயே. ரெண்டு ஆளை வெச்சு, சத்தமில்லாம."

ருஸ்மினா கண்ணை மூடிக்கொண்டாள். மடியிலிருந்த கை இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தன. அவளுக்கு வேண்டியதிலெல்லாம் பெரியது மேஜைமேல், தெம்பேப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. கையை நீட்டி எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. எடுத்துக்கொள், எடுத்துக்கொள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"சத்தமில்லாம வேணாம், பாக்" என்றாள். "அவன் குடை பிடிச்சு, ஊரே பார்க்க எறங்கிப் போனான். திருட்டுத்தனமா ஏறி வரமாட்டான். பாயினெம்மோட அம்மா கீழே கெடக்கும்போது என் பையன் மட்டும் மேல வந்தா, நாளைக்கு நான் தெம்பே வித்துக்கிட்டு அவ வாசல்ல எப்படி நிப்பேன்? ஏத்தறதா இருந்தா எல்லாரையும் ஏத்துங்க. முதல்ல நான் தூக்கறேன், அன்னைக்குத் தூக்கின மாதிரியே. 'சும்மாத் தூக்கினோமே'ன்னு யாராவது அழுதா, அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். நீங்க பேச வேணாம்."

இத்தனை வருஷமாக அவர் எதற்குப் பயந்தாரோ அதைத் தானே தூக்கிக்கொள்கிறேன் என்று பயப்பட வைத்தவளே வந்து சொல்கிறாள்! அணை, கால்வாய், மோட்டார், விற்ற மாடு எல்லாம் இந்த ஒருத்தியின் முகத்தைப் பார்க்கப் பயந்து செய்தவை. அந்த முகம் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது. கதவு முழுதாகத் திறந்திருந்தது. அவர் ஒரு அடி எடுத்து வைத்தால் போதும்.

"யோசிப்போம், யூ" என்றார்.

"அதை மெதுவா யோசிங்க. அதுக்காகவும் நான் வரல." அவள் நிமிர்ந்தாள். "இவரு கேட்கறது ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு உங்ககிட்ட வந்து, தண்ணி ஊறுதுன்னு சொல்லியிருந்தா, நீங்க நிறுத்தியிருப்பீங்களா?"

அவர் திரும்பி, நாற்காலிக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாட்டேன்னு சொல்லுங்க, பாக். அவரு நிம்மதியாப் போயிடுவாரு. நிறுத்தியிருப்பேன்னு சொன்னாலும் சரி, அதையும் போய்ச் சொல்றேன். தாங்கிக்குவாரு, மண்ணு சுமந்த உடம்புதானே. ரெண்டுல ஒண்ணு தெரியாமத்தான் அவருக்குப் போக முடியல."

"இத்தனை வருஷம் கழிச்சு இதைக் கேட்டு என்ன ஆகப்போகுது, யூ?"

"இன்னும் மூச்சு இருக்கு, பாக். வாசல்லயே காதை வெச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முன்னறையில், வேற்று ஆள் இருக்கும்போது, அவர் என் முகத்தைத் தேடியது அதுவே முதல் தடவை. நான் பார்வையை விலக்கவில்லை. கால்சட்டை விளிம்பை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். 'நிறுத்தியிருப்பேன்' என்று ஒரு பொய்யைச் சொல்லி, பாரத்தைச் சாகப்போகிற ஒரு மனிதர் தலையில் வைத்துவிட்டு இன்னும் பெரிய மனிதராகியிருக்கலாம். அதை அவர் சொல்லவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும். ஆனால் 'மாட்டேன்' என்கிற மற்ற வார்த்தை, செலவே இல்லாத அந்த ஒரு வார்த்தை, அவர் உதடு வரைக்கும் வந்து திரும்பிப் போனதை நான் பார்த்தேன்.

ருஸ்மினா காத்திருந்தாள். அவளுக்கு அவசரமே இல்லாததுபோல் இருந்தது. தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

அவர் எழுந்தார். மேஜைமேலிருந்த தொப்பியை எடுத்தார். தலையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, அந்த வார்த்தையைச் சொல்லாமலே, என்னைத் தாண்டி, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் போனார்.